எங்கள் கையைக் கட்டிப்போட்ட தேவராஜ் அண்ணன்

ஆம்பூரில் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த, லினக்ஸ் என்ற இலவச கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் செயல்விளக்கத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று குழுவில் கேட்டிருந்தேன். பதிலாக வந்தது, தேவராஜ் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி. அதற்குக் கீழேயே ஒருவர், அப்படியென்றால் நிகழ்ச்சி உண்டா இல்லையா என்று கேட்டார். அண்ணன் வளர்த்த குழு அல்லவா, வேறு எப்படி இருக்கும்.

உங்களுக்கு அவரைத் தெரியும். ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். வாரம் முழுக்கத் தோலோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிறன்று கம்ப்யூட்டரையே தொட்டிராதவர்களுக்கு லினக்ஸ் காட்டுவார். முதல் கூட்டத்துக்கு நான் வேலூரிலிருந்து என் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். திறக்கவே விடவில்லை. "அவங்க வூட்ல இன்னா மிஷின் இருக்கோ, அதுல காட்டு. உன் ஷோக்கைப் பாக்கவா வர்றாங்க?" என்றார். அன்று முழுக்க அது பையிலேயே கிடந்தது.

சொல்லிக்கொடுப்பவர் மவுஸைத் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். கை துறுதுறுக்கும் ஆட்களைப் பின்கட்டாக ஷூ லேஸால் கட்டிவிடுவார். விளையாட்டு என்று நினைக்காதீர்கள், இறுக்கித்தான் கட்டுவார். புதிதாக வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்து, பயம் தெளிந்து உட்காருவார்கள். நல்ல யோசனைதான், கட்டுப்பட்டவனைக் கேட்காதவரை.

கார்த்திக் கல்லூரி முடித்த கையோடு எங்களோடு சேர்ந்தவன். முதல்முறை சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த அன்று, தையல் பிரிவில் வேலை செய்யும் சுமதி அக்கா எதையோ அழுத்த, திரை கறுத்துப் போனது. பதறிப்போய் மவுஸைப் பிடுங்கிவிட்டான். அண்ணன் எல்லோர் முன்னாலும் அவனை எழுப்பினார். "படிச்சிருக்க, மூளை வளரல. நீ இதுக்கு லாயக்கில்ல, கிளம்பு."

அவன் அழுதுகொண்டே போனான். சுமதி அக்காதான் துணிந்து கேட்டார்: "நானும் தப்புப் பண்ணேன், என்னைத் திட்டலையே சார். அந்தப் புள்ளையும் இதுக்குப் புதுசுதானே?"

அண்ணன் அவரிடம் இனிமையாகச் சிரித்து, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். கார்த்திக் அதன்பின் வரவே இல்லை. அண்ணனும் ஒரு போன் போடவில்லை.

அடக்கம் முடிந்ததும் நான்தான் அவனுக்குச் சொன்னேன். "இனிமே அவர் இருக்க மாட்டார்ல? அப்போ ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்" என்றான். அவனைத் திட்டத் தோன்றவில்லை. ஒருவர் சாவு இன்னொருவனுக்கு நல்ல செய்தியாகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்த நிம்மதியும் இருந்தது.

நிகழ்ச்சி நடக்கும். மவுஸைத் தொடக் கூடாது என்ற அண்ணனின் சட்டத்தை நான் விடமாட்டேன். அவரிடமிருந்து அது போதும். அவருடைய வாயை அவரோடேயே புதைத்தாயிற்று.