சீலன் போட்ட ஒரு ஓவர்

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தேன். வந்தவர்களெல்லாம் பேஸ்பால் பையன்கள். தோள்பட்டை, முழங்கை, திரும்பவும் தோள்பட்டை. எனக்கு அலுத்தே போயிருந்தது. அப்படி ஒரு குளிர்காலத்தில்தான் சீலன் வந்தார். வாசலில் தலை இடித்துக்கொள்வாரோ என்று பயந்தேன், அவ்வளவு உயரம்.

யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து போய், அங்கே ஒரு கவுண்ட்டி அணியில் ஃபாஸ்ட் பௌலர் ஆனவர். சீசன் இல்லாத மாதங்களில், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வெஸ்ட் வின்ட்சரில் டாக்டராக இருந்த அக்கா வீட்டில் தங்கியிருந்தார். இடுப்புக்கு மேலே முதுகில் வலி. குணமாகிவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்தால் கவுண்ட்டி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும். இல்லையென்றால் ஆட்டம் அதோடு சரி. அவருக்கு வேறு தொழில் தெரியாது.

எங்கள் அமெரிக்க பாஸ், பேஸ்பால் பிட்சர் போலத்தான் இவரும் என்று நினைத்து, தோளுக்கு எக்சர்சைஸ் எழுதிவிட்டார். பிட்சர் நின்ற இடத்திலிருந்து எறிகிறவன், இவர் ஓடி வந்து மொத்த உடம்பையும் ஒற்றைக் காலில் இறக்குகிறவர் என்று விளக்கினேன். கேஸை என்னிடமே விட்டுவிட்டார். பெரிய இவள் மாதிரி பேசினேனே தவிர, நானும் கிரிக்கெட்டை ரேடியோ கமென்ட்ரியில் கேட்டவள்தான். ஃபாஸ்ட் பௌலரைப் பக்கத்தில் பார்த்ததே கிடையாது.

மார்ச் கடைசியில், டேபிளில் படுக்கவைத்து நான் செய்த எல்லா டெஸ்ட்டிலும் பாஸ் ஆனார். வலியே இல்லை என்று அடித்துச் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பந்து போட்டுக் காட்டுங்கள், பிறகு எழுதித் தருகிறேன் என்றேன்.

ஞாயிறு காலை ஒரு ஸ்கூல் சாஃப்ட்பால் மைதானத்துக்குப் போனோம். புல்லில்லாத மண் தரை, ரேக் போட்டு வழித்துவிட்ட மாதிரி சமமாக இருந்தது. வீக்கெண்ட் கிரிக்கெட் ஆடுகிற என் வீட்டுக்காரர், பெரிய பேஸ்பால் க்ளவுஸைப் போட்டுக்கொண்டு கீப்பிங் பண்ண ஜம்பமாக நின்றார்.

சீலன் ஓடி வந்தார். முதலில் சத்தமே இல்லை. பக்கத்தில் வர வர, தரை அதிர்வது என் பாதத்தில் தெரிந்தது. கை சுழன்றதைப் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை. பின்னால் கம்பி வேலி சடாரென்று அலறியது.

"எனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கும்மா," என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் வேலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

ஒரு ஓவர் முழுக்கப் போட்டார். ஒரு மனித உடம்பால் இது முடியுமா? இத்தனை வருஷமாக எலும்பு, தசை என்று படித்ததெல்லாம் இதற்காகத்தான் என்று தோன்றியது. உடனே கையெழுத்துப் போடலாம் என்றுதான் மண்ணைக் கடந்து அவரிடம் நடந்தேன்.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். அவர் ஓடி வந்த தடத்தில் ஒரே ஒரு வரிசைக் காலடிகள்தான் இருந்தன. ஒவ்வொரு முறையும் அதே அடியின் மேலேயே அடி வைத்திருக்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆனால் பந்தை விடும்போது முன்கால் இறங்கும் இடத்தில் மட்டும் ஆறு பந்துக்கும் ஆறு தடம். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, ஒன்று கோணலாக. வலியிலிருந்து தப்பிக்க அந்தக் கால் ஒவ்வொரு தடவையும் வேறு இடம் தேடியிருக்கிறது.

அவரும் வந்து பார்த்தார்.

"எவ்வளவு நாளா தம்பி?" என்று கேட்டேன்.

"கால் ஊண்டேக்கை கண் இருட்டிக்கொண்டு வருது அக்கா," என்றார். "நீங்கள் எழுத வேண்டாம். நானே கவுண்ட்டி ஆக்களுக்குச் சொல்லுறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் வேலியில் சாய்த்து வைத்திருந்த ரேக்கை எடுத்து, கால் இறங்கிய இடத்தை மட்டும் சமப்படுத்தினார். ஓடி வந்த தடத்தைத் தொடவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் காருக்கு நடந்தார்.

அதன் பிறகு எந்த பேஷண்ட்டிடமும் எங்கே வலி என்று நான் முதலில் கேட்டதில்லை. உங்கள் வேலையைச் செய்து காட்டுங்கள் என்பேன். தபால்காரர் என்றால் பையைத் தூக்கச் சொல்வேன், சமையல்காரர் என்றால் சட்டியைத் தூக்கச் சொல்வேன். முகத்தைப் பார்க்க மாட்டேன், கால் எங்கே விழுகிறது என்று பார்ப்பேன்.