சிலுவை வைக்காத அப்பம்

பெரிய வியாழன், காலை ஆறே முக்கால். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். மடியில் பை, உள்ளே வறுத்த அரிசி மாவு ஒரு கிலோ, கொஞ்சம் உளுந்து, எங்கள் தோப்புத் தேங்காய் நான்கு. கஞ்சிக்கோட்டில் ஒரே கம்பெனியில் என்னோடு பதினோரு வருஷம் வேலை பார்த்த ரோசம்மாவைப் பார்க்க மறையூர் போகிறேன். அவள் கணவர் பேபிச்சன் மார்கழியில் இறந்துபோனார்.

இயேசு சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட்ட நாளின் நினைவாக, பெரிய வியாழன் மாலை கேரளக் கிறிஸ்தவர் வீடுகளில் அப்பம் அவித்து, ஜெபம் சொல்லி, குடும்பத் தலைவர் கத்தியால் முறித்துக் கொடுப்பார். வருஷம் தவறாமல் ரோசம்மா வீட்டிலிருந்து எனக்கும் ஒன்று உடுமலை பஸ்ஸில் வந்துவிடும். இந்த வருஷம் அவளை உட்கார வைத்துவிட்டு நானே அவித்துக் கொடுப்பது என்று கிளம்பிவிட்டேன். யாரையும் கேட்டுச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

உடுமலையிலிருந்து மறையூர் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சின்னாறு தாண்டியதும் காற்று மாறியது. கரும்புக் காடுகளுக்கு நடுவே வெல்லம் காய்ச்சும் வாசனை. பன்னிரண்டு மணிக்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஐம்பது ரூபாய். பைக்குள் மாவைப் பார்த்த ஆட்டோக்காரர், "பேபிச்சன் வீட்டுக்கா மாவு கொண்டு போறீக? அங்க இந்த வருசம் அவிக்க மாட்டாகளே," என்றார். உமக்கென்னய்யா தெரியும் என்று மனதுக்குள் திட்டினேன்.

அவருக்குத்தான் தெரிந்திருந்தது. பையைப் பிரித்ததும் ரோசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கஞ்சிக்கோட்டில் படித்த கொங்குத் தமிழ் அவளுக்கு இன்னும் போகவில்லை.

"அக்கா, சாவு விழுந்த ஊட்டுல ஒரு வருசம் அப்பம் அவிக்கக் கூடாதுங்க. சொந்தக்காரங்கதான் கொண்டாரோணும்."

"யாரு கொண்டாருவாங்க?"

"கொழுந்தனார் தங்கச்சன்தான். வருவாரான்னு தெரியலீங்க."

தங்கச்சன் இருக்கும் காந்தளூர் பதினைந்து கிலோமீட்டர் மேலே. அங்கே இருக்கும் குடும்பக் கல்லறையில் அண்ணனை அடக்கம் செய்யவில்லை, மறையூரிலேயே புதைத்துவிட்டாள் என்று அவருக்குக் கோபம். அடக்கத்தன்று போனவர் இன்னும் பேசவில்லை. பக்கத்து வீட்டார் தாங்கள் அப்பம் தருவதாகச் சொன்னதற்கும், அவர் வருவார் என்று சொல்லி இவள் மறுத்துவிட்டாள்.

"உங்க ஊர்ல துக்க ஊட்டுக்குப் பொங்கல் யாரு கொண்டு போவாங்க அக்கா?" என்று கேட்டாள்.

"பொறந்த ஊட்டுலிருந்து போகும்," என்றேன். கோபாலபுரத்தில் மூன்று வீடு தள்ளியிருக்கும், நான் நங்கையா என்று கூப்பிடும் நாத்தனார் சரஸ்வதியின் கணவர் ஐப்பசியில் போனார். பிறந்த வீடு என்றால் எங்கள் வீடுதான். ஒரு வரப்புச் சண்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்தப் பொங்கலை அனுப்பாமல் இருந்தவள் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ஆறரை ஆனது. பக்கத்து வீட்டில் ஜெபம் ஆரம்பித்துவிட்டது. ரோசம்மா மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, வெறும் தட்டை வைத்துவிட்டு வாசலையே பார்த்தாள்.

ஏழு மணிக்கு ஜீப் வந்து நின்றது. தங்கச்சன் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே வந்து, ஒரு தூக்குவாளியையும் இரண்டு அப்பங்களையும் மேசையில் வைத்தார். வாளியில் அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ள வெல்லம் கலந்த தேங்காய்ப்பால். ஒரு அப்பத்தின் மேல் குருத்தோலைச் சிலுவை. ஜெபம் முடிந்ததும் கத்தியை எடுத்தவர், கைப்பிடியை அண்ணி ரோசம்மா பக்கம் திருப்பினார்.

"சேட்டத்தி முறிச்சா போதும். ஈஸ்டருக்கு இங்கத்த சர்ச்சுக்கே வரேன். சேட்டன்ட கல்லறையில மெழுகுதிரி வைக்கணும்."

ரோசம்மா அழுதுகொண்டே முறித்தாள். அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார்.

சிலுவை வைத்த அப்பம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு மட்டும். மற்றதை என் பக்கம் தள்ளினார். "இது பாலக்காட்டு அக்காவுக்கு. பஸ்ஸில குடுத்துவிடலாம்னு கொண்டு வந்தேன். எல்லா வருசமும் சேட்டன் மறக்காம தனியா ஒண்ணு அவிக்கச் சொல்லும்."

பாதியைத்தான் சாப்பிட்டேன். மீதியை வாழையிலையில் மடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை. கோபாலபுரத்தில் இறங்கி, என் வீட்டைத் தாண்டி மூன்று வீடு நடந்தேன். மாவும் தேங்காயும் பையில் அப்படியே இருந்தன, கூடவே அந்தப் பாதி அப்பமும். சரஸ்வதி கதவைத் திறந்தாள்.

"உள்ள வரலாமுங்களா நங்கையா?" என்றேன்.

நான் பிறந்து வளர்ந்து, ஒருத்தரைக் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.