அப்பாவின் போனுக்கு வைத்த வில்லு

மறதி நோய் வந்த இரண்டாம் வருடம் அப்பா நடக்கத் தொடங்கினார். காபி குடித்த தம்ளரைக் கீழே வைத்த கையோடு எழுந்து வெளியே போய்விடுவார். எங்கே போகிறோம் என்று அவருக்கும் தெரியாது. நான் மார்த்தாண்டத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் ஊர் திரும்புவேன். பகல் முழுவதும் அவரைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. வாரத்தில் இரண்டு நாளாவது அவள் போன் வரும். "மாமாவக் காணல்ல" என்பாள். அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.

அதனால்தான் அந்தப் பட்டன் போனை வாங்கினேன். அவரிடம் பேசுவதற்காக இல்லை. பச்சைப் பட்டனை எதற்கு அழுத்த வேண்டும் என்பதை அவர் எப்போதோ மறந்துவிட்டிருந்தார். போன் எங்கிருந்து கத்துகிறது என்று காதால் கேட்டு ஆளைப் பிடிப்பதற்காக வாங்கினோம். மனைவி ஒரு துணிப்பை தைத்து, கயிறு கோர்த்து, போனை அதற்குள் வைத்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள். பழைய மாடல்தான், ஆனால் தொண்டை பெரிசு. வாழைத்தோப்பின் இந்தக் கரையில் நின்று அழைத்தால் அந்தக் கரையில் கேட்கும்.

முதல் வாரமே தோற்றோம். போனோடு வந்த கம்பெனிச் சத்தம் கேட்டதும் அப்பா பயந்துபோய் பையோடு கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டார். சேவல் கூவுகிற சத்தம் வைத்தேன். ஊரில் உள்ள அத்தனை சேவலும் எங்களை ஏமாற்றின. குழந்தை சிரிக்கிற சத்தம் வைத்தேன். அவர் குழந்தையைத் தேடிக்கொண்டு முன்னைவிட அதிக தூரம் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பா மீது எரிச்சல்படக் கூடாது என்று தெரிந்திருந்ததால் போன் மீது பட்டேன்.

பிறகு ஒரு நாள் என் செல்போனில் கிடந்த ஒரு பதிவு கண்ணில் பட்டது. முந்தைய வருடம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லுப்பாட்டு. கூட்டத்தின் பின்னால் நின்று நானே எடுத்தது. அப்பா வாழ்நாள் முழுவதும் கொடைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தவர். வில்லின் மணிகள் குலுங்கும்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இடியே விழுந்தாலும் திரும்பாமல் இருப்பார். அதைச் சும்மா போட்டுக் காட்டினேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டினார்.

அந்தப் பாட்டைப் பழைய போனுக்குள் ஏற்றுவதற்குள் எனக்கு மூன்று நாள் மத்தியானச் சாப்பாடு போயிற்று. ப்ளூடூத்தில் அனுப்பினால் பெரிசு என்று தள்ளியது. அரை நிமிடமாக வெட்டினேன். ஏற்றுக்கொண்டது, ஆனால் என் எண்ணுக்கு மட்டும் அந்தச் சத்தத்தை வைக்க விடவில்லை. எண் சிம்கார்டில் இருந்தால் தனிச் சத்தம் வைக்க முடியாதாம், போனுக்குள் சேமிக்க வேண்டுமாம். சேமித்தேன். அப்போதும் பழைய சத்தமே வந்தது. ஒரே எண் இரண்டு இடத்திலும் இருந்தால் அதற்குக் குழப்பமாம். சிம்மில் இருந்ததை அழித்த பிறகுதான் வில்லு மணி குலுங்கியது. பக்கத்து மேசைக்காரர், "ஆபீஸ்ல கொடையா ஓய்?" என்று கேட்டார்.

வேலை செய்தது. ஒருமுறை பஸ் நிறுத்தத்தின் பின்னால், இரண்டு முறை வாழைத்தோப்பில், அந்த மணியை வைத்தே அவரைப் பிடித்தோம். சத்தம் வந்தால் அவர் நின்றுவிடுவார். நிற்கிற இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வோம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஊரில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன். ஒருவருக்காவது, எனக்காவது, கொடை வருமே என்று தோன்றவில்லை.

வந்தது. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, மதியக் கொடை. குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, அப்பாவைப் பந்தலில் வில்லுக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். மனைவி கோயிலின் பின்பக்கம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பானைத் தண்ணீர் கேட்டாள் என்று எழுந்து போனேன். வில்லு நடக்கிறது, அப்பா எங்கே போகப்போகிறார் என்ற தைரியம்தான். திரும்பி வந்தபோது நாற்காலியில் அவருடைய துண்டு மட்டும் கிடந்தது.

போனை எடுத்து அவர் எண்ணைப் போட்டேன். மணி போனது. காதை விட்டு எடுத்துச் சுற்றிலும் கேட்டேன். வில்லு மணி கேட்டது. பந்தலிலிருந்து கேட்டது, வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து கேட்டது, தெரு முக்குத் தென்னைகளில் கட்டிய குழாய்களிலிருந்து கேட்டது. ஊரின் எந்தப் பக்கம் திரும்பினாலும் எங்கள் அப்பா அங்கே இருந்தார். நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடினேன். வீடு, வாழைத்தோப்பு, பஸ் நிறுத்தம். ஓடிக்கொண்டே அழைத்தேன். ஒவ்வொரு முறையும் மணி போய்ப் போய் ஓய்ந்து, ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் நபர் பதிலளிக்கவில்லை என்று நிதானமாகச் சொல்லும். அவளை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அவள் குரல் வந்ததும் ஒரு மூச்சு விடுவேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று சொல்லிவிட்டால் போன் தண்ணீருக்குள் என்று அர்த்தம். எங்கள் ஊரைச் சுற்றிக் குளமும் வாய்க்காலுமாகத் தண்ணீர் கிடக்கிறது. மணி போகிறவரைக்கும் அவர் எங்கேயோ உலர்ந்த இடத்தில் இருக்கிறார். அந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

முக்கால் மணி நேரம் ஓடியிருப்பேன். கோயிலுக்குத் திரும்பி வந்தபோது மனைவி பொங்கல் பானையை அப்படியே விட்டுவிட்டு, கரிக்கையோடு அழுதுகொண்டு நின்றாள். "வில்லு நிக்காம ஒண்ணும் கேக்காதுங்க. சொல்லி நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

நிறுத்தச் சொல்வது லேசா? பந்தலில் அப்போது வரத்துப் பாட்டு. சாமியை வரவழைக்கிற பாட்டு அது. சாமி ஆடப்போகிறவர் சந்தனம் பூசிக் கண்ணை மூடி நின்றார். முழங்கால் நடுங்கத் தொடங்கியிருந்தது. அந்த இடத்தில் வில்லு நின்றால் சாமி பாதி வழியில் நின்றுவிடும், ஊருக்கு ஆகாது என்பார்கள். நானும் அதை நம்புகிறவன்தான். நம்பாதவனாக இருந்திருந்தால் அன்றைக்குக் காரியம் எளிதாக இருந்திருக்கும்.

கோயில் காரியங்களைப் பார்க்கிற பெரியவர் எனக்கு அண்ணன் முறை. அவர் காதில் போய்க் கத்தினேன்.

"அண்ணே, அப்பாவக் காணல்ல. ரெண்டு நிமிசம் வில்ல நிறுத்தச் சொல்லுங்க."

"வரத்துலயா? ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடே? சாமி வந்து எறங்கட்டு, பொறவு தேடலாம்."

"அதுக்குள்ள அவருக்கு என்னமும் ஆயிட்டுதுன்னா?"

"ஊருக்கு என்னமும் ஆயிட்டுதுன்னா?" என்றார் அவர்.

எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. அவர் சொல்வது நியாயம் என்றும் தெரிந்தது. அவரைத் தாண்டி வில்லின் முன்னால் போனேன். பாடிக்கொண்டிருந்தது ஐம்பது வயதுப் பெண். கையில் வில்லின் நாணைத் தட்டுகிற வீசுகோல் இரண்டு, நெற்றியெல்லாம் வியர்வை. செருப்புக் காலோடு பந்தலுக்குள் வந்து கைகூப்பி நிற்கிறவனை அவர் எரிச்சலோடு பார்த்தார்.

"அக்கா, எங்கப்பாவுக்கு நெனவு கெடையாது. அவரக் காணல்ல. அவரு போன்ல ஒங்க வில்லுதான் சத்தம். நீங்க நிறுத்துனாத்தான் எனக்குக் கேக்கும். கும்பிட்டுக் கேக்கேன்."

ஒலிபெருக்கி என் சொல்லையும் பிடித்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டது. அந்த அம்மாள் வீசுகோல் இரண்டையும் வில்லின் மேல் குறுக்கே வைத்தார். குடம் அடிப்பவர் ஒரு தட்டு அதிகமாகத் தட்டிவிட்டு நிறுத்தினார். உடுக்கை நின்றது.

"போனப் போடுங்க தம்பி. பாவம் இருந்தா அது எனக்காக்கும்" என்றார்.

பந்தலில் சலசலப்பு. யாரோ என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். ஆடப்போகிறவர் நடுக்கம் நின்று, கண்ணைத் திறந்து, தூக்கத்தில் எழுப்பியவரைப் போல விழித்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் நான்தான். வெட்கப்பட நேரமில்லை. அழைத்தேன்.

ஊர் அடங்கியது. காக்கைச் சத்தம் கேட்டது, அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. பிறகு, கோயிலின் பின்பக்கம், வயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லிசாக வில்லு மணி குலுங்கியது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. வில்லு இங்கே ஓய்ந்து கிடக்க, மணி அங்கே கேட்டதும், பெண்கள் அம்மனே வந்துவிட்டாள் என்று குரவையிட்டார்கள். நூறு பெண்களின் குரவை. அப்பாவின் போன் சத்தம் அதற்குள் முங்கிப் போயிற்று. "குரவ போடாதீங்க, அது போனு! அய்யோ, அது போனு!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? ஆடுகிறவருக்கு மறுபடியும் முழங்கால் நடுங்கியது. ஆனால் திசை தெரிந்துவிட்டது. மறுபடியும் மறுபடியும் அழைத்துக்கொண்டே, வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். பின்னால் மனைவி வந்தாள்.

வயலுக்கு அப்பால் பழைய குளம். கோயிலுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு யாரும் அங்கே குளிப்பதில்லை. படித்துறையை ஒட்டித் தாமரை அடைத்துக் கிடக்கிறது. அந்தத் தாமரைக்கு நடுவே, கழுத்தளவு தண்ணீரில், அப்பா நின்றார். வேட்டி படியில் மடித்து வைத்திருந்தது. மதியக் கொடைக்கு முன்னால் குளத்தில் முங்கி எழுந்துதான் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவர் காலத்து முறை. காலையில் குழாயடியில் நான் குளிப்பாட்டியது அவருக்குக் குளியலே இல்லை. இறங்கியவர் சேற்றில் புதைந்து, கொடி காலைச் சுற்றிக்கொள்ள, ஏற முடியாமல் நின்றுவிட்டார். பையைக் கழுத்திலிருந்து கழற்றி வலது கையில் தலைக்கு மேலே பிடித்திருந்தார். 

என் போனைப் படியில் போட்டுவிட்டுக் குதித்தேன். "அப்பா" என்று அலறினேன். அவர் இடது கையைத் தண்ணீரிலிருந்து எடுத்து வாயில் விரல் வைத்தார்.

"சத்தம் போடாதடே. வில்லு நடக்குல்லா."

போன் அவர் கையில் இன்னும் குலுங்கிக்கொண்டிருந்தது. கொடியைப் பிய்த்து, இடுப்பைப் பிடித்துத் தூக்கி, மனைவி படியிலிருந்து கைகொடுக்க, எப்படியோ மேலே ஏற்றினோம். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் போனை வாங்க முடிந்தது.

"இந்நேரமும் நின்னிருக்கீங்களே. ஒரு சத்தம் குடுத்திருக்கப்பிடாதா? வயல்ல ஆளு போய்க்கிட்டுதான இருந்து?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"கூப்பிடலாம்னுதான் பாத்தேன்" என்றார். "வாயத் தொறக்கும்போதெல்லாம் தலைக்கு மேல வில்லு தொடங்கிரும். வில்லுப் பாடும்போ கூப்பாடு போடப்பிடாதுல்லா மக்கா."

அன்றைக்கு நான் பதினேழு முறை அழைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சத்தத்தை அழித்தேன். பிறகு எத்தனையோ சத்தம் வைத்துப் பார்த்துவிட்டேன். எதற்கும் அவர் நிற்பதில்லை. நின்றால்தானே போய்ப் பிடிக்க முடியும்? அதனால் இப்போது வாசல் கிரில் கதவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறோம். சாவி மனைவியின் இடுப்பில் இருக்கிறது. நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா குளித்து, வேட்டி கட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"கொட தொடங்கியாச்சா மக்கா?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லப்பா. தொடங்குனதும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்பேன்.

தலையாட்டிவிட்டு அங்கேயே நிற்பார். நான் தெரு முக்கு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். ஊரில் இந்த வருடக் கொடை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது.