நாக்கைத் தூக்கிக் காட்டுகிறவன்

தினமும் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு மருந்துக்கடையில் நின்று, ஓர் அயர்லாந்துப் பெண்மணியின் முன்னால் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன். நாற்பதைத் தாண்டிய ஆள் நான். மீசையில் நரை வேறு. அவள் பெயர் மெய்ரெட். ஒரு காகிதக் கோப்பையில் அன்றைக்கான மாத்திரையும் இன்னொன்றில் தண்ணீரும் வைத்து நீட்டுவாள். நான் விழுங்க வேண்டும். உண்மையிலேயே விழுங்கினேனா, கன்னத்தோரம் ஒதுக்கிக்கொண்டேனா என்று அவள் எட்டிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு ‘குட் மேன்’ என்பாள். எங்கள் பக்கத்துச் சந்தையிலும் மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள். ஆனால் பார்த்த பிறகு மாட்டை யாரும் பாராட்டி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து நேராக ஒரு முதியோர் இல்லத்துக்குப் போவேன். அதுதான் என் வேலை. நர்ஸ் மாத்திரை கொடுப்பார். நான் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு, கிழவர்களிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்வேன். சிலர் ஒதுக்கிவைத்துக்கொள்வார்கள். அவர்களை நான் கண்டுபிடித்துவிடுவேன். எப்படி உனக்கு மட்டும் தெரிகிறது என்று நர்ஸ் ஒருநாள் வியந்தார். அனுபவம் என்றேன். வேலையில் கிடைத்த அனுபவம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த நாக்குப் பரேடு விசித்திரமாகத்தான் இருக்கும். திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வாடிக்கையாகப் போகிற ஒரு மெடிக்கல் ஷாப் இருந்தது. மருந்துச் சீட்டு கேட்பதையே அவமரியாதையாக நினைக்கிற கடை. அயர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இரவு வேலை. பகலில் தூங்க வேண்டும். கோடையில் இந்த ஊர்ச் சூரியனோ கடன்காரனைப் போல ஜன்னலை விட்டு நகராது. முதல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, தூக்கம் வரவில்லை என்று அந்தக் கடைக்காரரிடம் சொன்னேன். தூக்க மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துப் பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்தார். அடுத்த விடுமுறையில் நான் வாயே திறக்கவில்லை. “வாண்ணா, எப்ப வந்த? அதானே?” என்று அவரே எடுத்து வைத்தார். அந்த ‘அதானே’யில் எத்தனை வாஞ்சை! பெட்டிக்குள் வறுத்த மல்லாட்டைக் கடலைப் பொட்டலத்துக்கு நடுவில் அட்டைகள் அடுக்கடுக்காகப் பயணம் செய்தன. கேட்காமல் கொடுப்பதுதான் பாசம் என்று நினைத்து வளர்ந்தவன் நான். இந்த ஊரில் ஒருத்தரும் கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை. கல்நெஞ்சக்காரர்கள் என்று போனில் ஊருக்குப் புகார் சொல்வேன்.

பிறகு ஒரு மாத்திரைக்குத் தூக்கம் வர மறுத்தது. கூடவே ஒரு பீர் குடித்தால் ஜல்தியாக வேலை செய்கிறது என்று நானே கண்டுபிடித்தேன். படிக்கிற காலத்தில் இந்த ஆராய்ச்சிப் புத்தி இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன். அட்டைகள் தீர்ந்த வாரத்தில் கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது. குளிர்க் காய்ச்சல் என்று நினைத்து டாக்டரிடம் போனேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பொய் சொல்ல முடியாதபடி பொறுமையாகக் கேட்டார். ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், மெதுவாகக் குறைத்துக்கொண்டே வருவோம், ஆனால் குடி கூடவே கூடாது என்றார். இரண்டும் மூளைக்குள் ஒரே வேலையைச் செய்கிறவை. ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சையும் தூங்கவைத்துவிடும் என்று விளக்கினார். அப்படித்தான், மொத்தமாகக் கையில் தராமல் தினம் தினம் கண்ணெதிரே விழுங்கவைக்கிற மெய்ரெட்டின் கோப்பை வந்தது. முதல் நாள் அவள் “எனி ஆல்கஹால்?” என்றாள். உபசரிக்கிறாள் என்று நினைத்து, காலையிலேயே எதற்கு என்று, ‘நோ தேங்க் யூ’ சொன்னேன். அவள் தலையாட்டி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். அவள் கேட்டது வேறு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் திருத்தவில்லை. என் மரியாதையை அவள் உண்மையாக எடுத்துக்கொண்டாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்படிப் பாதி மாத்திரை வரைக்கும் இறங்கி வந்திருந்த சமயத்தில், போன மாதம், என் தங்கை கலாவின் மகளுக்கு மயிலத்தில் மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். கலாவுக்கு அண்ணன் நான் ஒருவன்தான். பயண நாட்களுக்கான பாதி மாத்திரைகளை நாள்வாரியாக அறை பிரித்த டப்பாவில் போட்டு, மெய்ரெட் என்னை நம்பி முதன்முறையாக மொத்தமாகக் கொடுத்தாள். விமான நிலையத்தில் நான் ஒரு விஸ்கி சீசாவும் வாங்கினேன். எனக்கில்லை, கூட்டாளிகளுக்கு. பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது, உலகத்துச் சரக்கெல்லாம் அங்கே கிடைக்கும். ஆனாலும் விமானத்தில் வந்த சீசாவுக்கு எங்கள் பக்கத்தில் தனி மரியாதை. அது இல்லாமல் போனால், அங்கே வேலை போய்விட்டது என்று பேசிக்கொள்வார்கள்.

விசேஷத்துக்கு முதல் நாள் மத்தியானம், கூட்டேரிப்பட்டில் குமரேசனின் மோட்டார் கொட்டகையில் சீசா திறந்தது. அவன் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. நான் வேண்டாம் என்றேன். “இன்னாடா, வெள்ளக்காரனோட சேந்து வேஷம் கட்டிக்கினு வந்துக்கிறியா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதற்காக ஒரு மடக்கு குடித்துக் காட்டினேன். அடுத்தடுத்த மடக்குகளுக்கு யாரும் கேலி செய்ய வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை கை நடுங்கியது. டப்பாவில் அன்றைய அறையைத் திறந்தேன். நடுக்கம் நிற்காததால் நாளைய அறையையும், அதற்கடுத்ததையும் திறந்தேன். மண்டபத்து வாசலில் கூலிங் கிளாஸ் போட்ட என் படத்தோடு பேனர். பெயருக்குக் கீழே அயர்லாந்து என்று பெரிய எழுத்தில். உள்ளே பலகை போட்டாயிற்று. ஆசாரி கம்பியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். குழந்தை யாழினிக்கு மொட்டைத் தலையில் சந்தனம். எனக்கோ தரை மெத்தை மாதிரி அமுங்கியது. கண் தானாக மூடியது. கம்பி காதில் ஏறும்போது குழந்தை திமிறும். இந்தக் கை அதைப் பிடிக்காது என்று தெரிந்தது. நான் பலகையில் உட்காரவில்லை. குழந்தையின் சித்தப்பா மடியில் வைத்துக் குத்துங்கள் என்றேன்.

தாய்மாமன் மடி கொடுக்க மறுத்தால் உறவு அறுந்தது என்று அர்த்தம். கலாவின் மாமனார் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். “தம்பி, பேனர்ல உங்க படத்த சின்னதா போட்டுட்டாங்கன்னு கோவமா? இப்பவே வேற அடிச்சார சொல்றேன்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. கலாவின் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்றே இருக்கட்டும், பேனருக்காகச் சண்டை போட்ட அற்பன் என்ற பெயரோடு விமானம் ஏறிவிடலாம் என்றுகூட நினைத்தேன். உண்மையைவிட அது கௌரவமாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் கோபத்துக்கான விலையை அந்த வீட்டில் வாழ வேண்டிய கலாதான் தினமும் கொடுப்பாள்.

கலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். “உனக்கு இன்னாண்ணா கொறை வெச்சோம்? சொல்லிட்டுப் போ.”

அவள் காதருகே குனிந்தேன். “கொறை ஒண்ணும் இல்ல கலா. மாத்திரை போட்டுக்கினு இருக்கேன். தூக்க மாத்திரை. ரொம்ப நாளா. நேத்து குடிச்சும் தொலைச்சேன். கை நிக்கல. புள்ள வழுக்கிடும்.”

அவள் என் கையைப் பார்த்தாள். அந்த டாக்டர் பார்த்த அதே மாதிரி. கண்ணில் நீர் நிறைந்தது, ஆனால் விழவிடவில்லை. “உக்காரு” என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, “ஒண்ணுமில்ல, ஃபிளைட்ல வந்தது அண்ணனுக்குத் தலை சுத்துதாம். நான் பின்னாடி உக்காந்துக்கறேன்” என்றாள். நான் பலகையில் உட்கார்ந்தேன். என் முதுகோடு ஒட்டி அவள் உட்கார்ந்து, என் இரண்டு அக்குளுக்கும் கீழே கைகளை நுழைத்து, என் கைகளுக்கு அடியில் குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். இது எந்த ஊர் முறை என்று யாரோ முணுமுணுக்க, அயர்லாந்தில் இப்படித்தான் போலிருக்கிறது என்று இன்னொருவர் சமாதானம் சொன்னார். குழந்தை வீறிட்டுத் திமிறியது. என் கைகள் நழுவின. அவள் கைகள் நழுவவில்லை.

கிளம்பும் நாளில் கலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஒரு ஜோக்கடித்துத் தப்பித்திருப்பேன். “முழுவாம இருக்கேண்ணா. இதுக்கும் நீதான் மாமன். அன்னைக்கு நான் பின்னாடி உக்கார மாட்டேன். எதுர்ல நின்னு பாப்பேன்” என்றாள். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது மெடிக்கல் கடைக்காரர் கை காட்டினார். போனில் பேசுவதுபோல் நடித்துக்கொண்டு போனேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. திரும்பிப் பார்த்தால் போய்விடுவேன் என்ற பயம்.

திரும்பி வந்த காலையில் மெய்ரெட் டப்பாவை வாங்கிப் பார்த்தாள். திறந்திருக்கக் கூடாத அறைகள் காலியாக இருந்தன. “எனி ஆல்கஹால்?” என்றாள். “யெஸ்” என்றேன். இந்த நாட்டில் நான் பேசிய ஆங்கிலத்திலேயே கடினமான வார்த்தை அதுதான். அவள் டாக்டரோடு போனில் பேசினாள். இனி மொத்தமாகக் கிடையாது. இப்போதைக்குக் குறைப்பதும் கிடையாது, நின்ற இடத்திலேயே நின்று மறுபடி தொடங்க வேண்டும் என்றாள். சங்கடத்தை மறைக்க, விசேஷம் எப்படி நடந்தது தெரியுமா என்று போனில் படத்தைக் காட்டினேன். மண்டபத்தில் அத்தனை பேர் பார்த்த காட்சி. அதே படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது, மாமன் மடி என்று இதயம் இதயமாக விழுந்தது. மெய்ரெட் விரலால் பெரிதாக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குழந்தையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

பின்னால் உன்னைத் தாங்கிப் பிடித்திருக்கிறாளே, அவள் யார் என்றாள்.

தங்கை என்றேன். கோப்பையை வாங்கி விழுங்கிவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவள் அன்று ‘குட் மேன்’ சொல்லவில்லை. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். வெளியே மழை. என் வாய் இந்த ஊர் வெளிச்சத்தில் திறந்திருந்தது. முதுகு மட்டும் இன்னும் மயிலத்துப் பலகையில்தான் இருந்தது, கலா ஒட்டி உட்கார்ந்த சூட்டோடு.