தைலப் பாட்டிலில் ஓர் அருவி

காகிதத்தில் பென்சிலால் வரைந்ததை ஸ்கேன் செய்து, டேப்லெட்டில் அதன்மேல் ஒவ்வொரு கோடாக மறுபடி இழுத்து வண்ணம் கொடுப்பது என் தொழில். பட்டனைத் தட்டினால் படம் வந்து விழும் என்று ஊரே நம்புகிற தொழிலும் இதுதான். தையல், மேக்கப், போட்டோ என்று கையை நம்பிப் பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பகலில் தென்காசியில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வேலை. போன சீசனுக்கு முன்னால், குற்றாலத்தில் மூலிகைத் தைலக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் பாட்டில் லேபிளுக்குப் படம் கேட்டார். அருவி, பக்கத்தில் நீளமுடிப் பெண். ஓரத்தில் என் இன்ஸ்டாகிராம் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன் என்றேன், தலையாட்டினார். சீசன் கூட்டம் அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோகும், நாலு பேர் தேடி வருவார்கள், ஃப்ளெக்ஸ் கடைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடலாம். அப்படித்தான் நம்பினேன்.

கரண்டுக்குக் கேடு

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க, குத்துக்கல்வலசையில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் அந்தப் பெண்ணின் கூந்தலை இழை இழையாக இழுத்துக்கொண்டிருந்தேன். அரைமணி நேரம் பொறுத்தவர் கொட்டாவி விட்டபடி கேட்டார்.

"இதையும் கையாலதான் வரையுதியாம்மா? அப்போ கம்ப்யூட்டர் எதுக்கு, சும்மா கரண்டுக்குக் கேடா?"

சூரியன்

முதலில் அனுப்பிய பென்சில் படத்தின் மேல் ஓரத்தில், நான் டீ கிளாஸை வைத்த வட்டக் கறை இருந்தது. ஸ்கேன் செய்ததும் துடைத்தெடுத்தேன். வண்ணப் படம் போன ஐந்தாவது நிமிடம் போன் வந்தது. அருவிக்கு மேல் இருந்த சூரியனைக் காணோமாம்! அது சூரியன் இல்லை, டீக்கறை என்று எடுத்துச் சொன்னேன். மனிதர் அசரவே இல்லை.

"வாஸ்துக்காரரு பாத்து, சூரியன் சரியான மூலையில இருக்குன்னு சொல்லிட்டாரும்மா. டீயோ காப்பியோ, அது அங்கனயே இருக்கட்டும்."

தண்ணீர் அளவு

அடுத்து அருவியில் கைவைத்தார். தண்ணீர் நூல் மாதிரி விழுகிறது, சீசன் செத்துப்போச்சு என்று நினைத்து சனம் திரும்பிப் போயிரும், கூட்டு என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து பாறையே தெரியாதபடி வெள்ளமாகக் கொட்டவைத்தேன். நுரை, சாரல், எல்லாம் புதிதாக. என் கைக்கு நானே முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அண்ணாச்சி படத்தைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"என்னம்மா இப்படி வரஞ்சுட்ட? இவ்வளவு தண்ணி விழுந்தா குளிக்கத் தடை போட்டுருவான்லா! குளிக்காதவன் எதுக்கு எண்ணெ வாங்குதான்?"

பூச்சி

மிதமான தண்ணீர், டீக்கறைச் சூரியன் எல்லாம் வைத்து இறுதிப் படம் கொடுத்தேன். சீசன் களைகட்டியதும் சாரலில் நனைந்துகொண்டே அவர் கடைக்குப் போனேன். அடுக்கடுக்காகப் பாட்டில்கள், அத்தனையிலும் என் அருவி. ஒன்றை எடுத்து ஓரத்தைப் பார்த்தேன். என் கையெழுத்து இல்லை. அந்த இடத்தில் அச்சகத்தின் போன் நம்பர், கொட்டை எழுத்தில். ஒன்றுவிடாமல் திருப்பிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் அதே நம்பர்தான். பாட்டிலை அவரிடம் நீட்டினேன். எங்கே என் பெயர் என்று கேட்டேன். அண்ணாச்சிக்குக் கையெழுத்துப் பேச்சே நினைவில்லை. பெரிய உபகாரம் செய்தவர் போலச் சிரித்தார்.

"ஓ, அது ஒம் பேரா? ஓரத்துல ஏதோ பூச்சி ஊருத மாதிரி கெடந்துச்சும்மா, நல்லவேளை நாந்தான் பாத்து அழிக்கச் சொன்னேன்."

ஆகவே, சக பாவிகளே, நான் இன்னமும் அதே ஃப்ளெக்ஸ் கடையில் சடங்கு வீட்டு பேனருக்குத் தாய்மாமன்களின் தலைகளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தலைக்குக் கீழே பெயர் போட்டுக்கொள்கிற பாக்கியம் அவர்களுக்கு மட்டும்தான்.