லுவான் அக்கா கெடுத்த மூன்று தாள்கள்

சீனாவின் டாலியன் நகரில் இருபத்தொன்பது வருடம் டிராம் ஓட்டியவர் லுவான் குய்ஜி. எங்கள் குடியிருப்பில் நான்காவது மாடி. வயது எழுபத்தொன்று. யாராவது வெளியே கிளம்பினால் இன்றும் அவர் கால் தானாகத் தரையை இரண்டு முறை தட்டும். வண்டி புறப்படும்போது மணியை மிதித்துப் பழகிய கால்.

பெற்றோருக்குப் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்று முதியவர்கள் நினைக்கிறார்கள்? இதை அளக்க ஒரு கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை. ஐந்து என்றால் முழுச் சம்மதம். அடித்துத் திருத்திய தாள் செல்லாது.

நான் போனபோது லுவான் அக்கா ஜியாவ்ஸி என்ற கொழுக்கட்டையை மடித்துக்கொண்டிருந்தார். ஊருக்குப் புறப்படுகிறவருக்கு எங்கள் பக்கம் அதைத்தான் வேகவைத்துப் போடுவோம். மகன் ஹோங்பின்னுக்குத் தொலைதூரக் குவாங்சோவில் நல்ல வேலை வந்திருந்தது. அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் அவன் பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான். அன்று மாலைதான் கெடு.

"அப்பா அம்மா படுத்துட்டா, வேலைய விட்டாவது புள்ளைங்க பாத்துக்கணும். எத்தனை போடட்டும்க்கா?"

"அஞ்சு. எங்கப்பாவுக்காக ரெண்டு வருஷம் டிராமையே விட்டவ நான்."

எழுதினேன்.

"ஐயோ, இரு! என் பையனுக்குன்னா ஒண்ணு போடு."

"ரெண்டும் போட முடியாதுக்கா. ஒரே நம்பர்தான்."

"அப்போ யார்கிட்ட கேக்கற? எங்கப்பாவோட பொண்ணுகிட்டயா, இவனோட அம்மாகிட்டயா?"

ஒன்று போட்டால் அப்பா நினைவுக்கு வருவார். ஐந்து போட்டால் மகன். மூன்று தாள்கள் வீணாயின.

எங்கள் பேச்சைக் கேட்டபடியே உள்ளே வந்த ஹோங்பின், மாவு படிந்த தாள்களை எடுத்துப் பார்த்தான்.

"தாத்தாவுக்கு அஞ்சு, எனக்கு மட்டும் ஃபெயில் மார்க்கா?"

"போடா கிறுக்கா. எங்கப்பா எங்கிட்ட கேக்கல, நானா விட்டேன். நானும் உங்கிட்ட கேக்கல."

"கேக்காமலே நானும் இருந்துட்டுப் போறேன்."

"எனக்கு உடம்புக்கு என்னடா? நான் படுத்தா அன்னிக்கு வா. நல்லா நடமாடறவள என்னத்தப் பாத்துக்கப் போற? என் டிராமுக்குக் குறுக்க யாரும் இப்படி நின்னதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவை எப்படியும் செல்லாதவை, நான் தடுக்கவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சரி, வேகவைம்மா. சாப்பிட்டுட்டு, வேலைக்கு வரேன்னு குவாங்சோவுக்குச் சொல்லிடறேன். தொட்டுக்க வினிகர் எங்க?"

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வினிகர் புட்டியை வெகு நேரம் தேடினார். அது கண்ணெதிரேதான் இருந்தது. அடுப்படித் தரையில் அவர் கால் இரண்டு முறை தட்டியது.