இரண்டாம் குரல்

ஆடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றின் வாசலில், வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதிப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே வாசல், அதே ஸ்டூல். சாப்பாட்டு டப்பாவின் அடித்தட்டில் ஒளித்த ஜிப்பும், குடை மடிப்புக்குள் சுருட்டிய லேஸும் அவள் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. அங்கே எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே. அந்தப் பெயரில் அவளுக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

கஷ்டம் என்னவென்றால், அந்தக் கண்ணை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியாது. ஏழு மாதத்துக்கு முன் அவளுடைய அக்கா நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று அக்கா வீட்டு மாடி அறையில் நிம்மதியாக இருந்தவள், அன்று கீழே இறங்கி வந்தாள். ஒன்பது வயதுப் பெண், இரண்டரை வயதுப் பையன், இரண்டு பேருடைய பொறுப்பும் அவள் தலையில். அடக்கம் முடிந்த சாயங்காலமே அக்காவின் பாட்டுப் புத்தகத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டாள். அதற்குப் பிறகு ஆலயப் படியை மிதிக்கவில்லை. ஒரு முழம் லேஸ் எடுத்தவளைக்கூட நிறுத்திக் கேட்கலாம். ஒரு வீட்டின் தாயையே எடுத்துக்கொண்டு போனவரை எந்த வாசலில் நிறுத்துவது? அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை.

பையனைத் தூங்க வைப்பது பெரும்பாடாக இருந்தது. ஆண்டவரோடு சண்டை என்றாலும் பிள்ளை தூங்க வேண்டுமே என்று, அக்கா பாடும் அதே மாலைப் பாட்டைத்தான் பாடினாள். நாலு பேர் நல்ல குரல் என்று சொன்ன குரல். முதல் வரி முடிவதற்குள் அவன் கை வந்து அவள் வாயைப் பொத்தும்.

“இது இல்ல சித்தி. அம்மா பாட்டு.”

“இதாண்டா அம்மா பாட்டு!”

“இது இல்ல!” பிறகு அழுகைதான், களைத்துத் தூங்கும் வரை. இந்தப் பொடியனுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். மூன்று வயதுப் பிள்ளையையும் சந்தேகப்பட அவளால் முடிந்தது.

அப்படிப்பட்டவள் அத்தானை விடுவாளா? அக்காவின் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். ஆறு மணி அடித்தால் வீட்டில் இருக்கும் மனிதர், இப்போதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் ஏழரைக்கு வந்தார்.

“என்ன அத்தான், லேட்டு?”

“ஒரு கம்ப்ரசர் மக்கர் பண்ணிடுச்சும்மா.”

கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிய கையில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. சட்டைப் பையில் தொண்டைக்குப் போடும் புதினா மிட்டாய். குளிக்கும்போது முனகல், இவள் காலடி கேட்டதும் கப்சிப். போதாக்குறைக்குத் துவைக்கப் போட்ட சட்டையில் ஒரு துண்டுக் காகிதம், பெண் கையெழுத்தில்: ‘வெள்ளி ஆறு மணி. பக்கத்துக் கதவு வழியா வாங்க. பயப்படாதீங்க, போகப் போக வந்துடும்.’

அக்கா போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. வருகிறவள் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்வாளோ? தனக்கு இந்த வீட்டில் என்ன உரிமை, மாடிக்கு ஏறு என்றால் ஏற வேண்டியதுதான். பிள்ளைகள் கையை விட்டுப் போய்விடுவார்கள். அதை நினைத்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டாள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அத்தானின் கடைக்கு எதிரே காத்திருந்தாள். அவர் ஷட்டரை இறக்கினார், வாயில் மிட்டாய் போட்டார், இரண்டு தெரு தாண்டி நேரே ஆலயத்தின் பக்கத்துக் கதவுக்குள் நுழைந்தார். போயும் போயும் ஆலயத்திலா! அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பெண் குரல்: “இன்னும் கொஞ்சம் கீழ இறங்குங்க… அவசரப்படாதீங்க… ஆங், அப்படித்தான்.”

கையும் களவுமாகப் பிடிக்கும் ஆவேசத்தில் கதவைத் தள்ளினாள்.

அறையின் ஒரு மூலையில், பாடகர் குழுவை நடத்தும் பெண் கீபோர்டின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் பக்கத்தில் நின்று பாடியவள். எதிர் மூலையில் அத்தான், வேர்த்து விறுவிறுத்து, கையில் அக்காவின் பாட்டுப் புத்தகம். அலமாரிக்கு மேலே கிடந்ததேதான்.

“என்ன நடக்குது இங்க?”

அத்தானின் முகத்தில் அசடு வழிந்தது. “பாட்டு கத்துக்கிறேம்மா.”

“யாரு, நீங்களா?” அவர் குரலைக் கேட்டால் பிரிட்ஜே தேவலாம்.

கீபோர்டுக்காரிதான் சொன்னாள். “உங்க அக்கா குழுவுல ஆல்டோ. ரெண்டாவது குரல். மெட்டை மத்தவங்க பாடுவாங்க, அவங்க அதுக்குக் கீழ வேற மாதிரி பாடுவாங்க. வீட்லயும் அதைத்தானே பயிற்சி பண்ணாங்க? அவங்க பையன் பொறந்ததுலேர்ந்து கேட்டது அதை மட்டும்தான். பதிவு பண்ணி வச்சதுல இருபது பேர் குரல். அவங்க குரல் தனியா கேக்கல. அதான் பையனுக்காக இவரு வந்து கத்துக்கிறாரு.”

“அன்னிக்கு உன் வாயைப் பொத்தினான் பாரு,” என்றார் அத்தான். “அப்பதான் எனக்கு உறைச்சுது. உன்கிட்ட சொல்லலாம்னா, ஆலயம்னாலே எரிஞ்சு விழுற. அதான் மறைச்சேன்.”

‘பாட்டைத் தப்பாப் பாடுறியேக்கா’ என்று எத்தனை நாள் அவள் கிண்டல் செய்திருக்கிறாள்! அக்கா சிரிப்பாளே தவிர, விளக்கம் சொன்னதில்லை. பிள்ளை சொன்னது சரி. அவள் பாடியது அம்மா பாட்டு இல்லைதான். சுவரில் சாய்ந்துகொண்டு, அடக்கத்தன்று அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள்.

“தனியா நின்னா இவருக்குச் சுருதி நிக்க மாட்டேங்குது,” என்றாள் அந்தப் பெண், அழுகை ஓய்ந்த பிறகு. “நீங்க மெட்டைப் பிடிங்களேன்.”

தன்னை ஆலயத்துக்குள் இழுக்க ஆண்டவர் போட்ட திட்டமோ என்று அவளுக்கு அப்போதும் ஒரு சந்தேகம். ஆனாலும் பாடினாள்.

அன்று இரவு பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் மடியில் ஏறினான். அத்தான் தொண்டையைச் செருமிவிட்டு ஆரம்பித்தார். கரடுமுரடான குரல், ஆனால் அதே இறக்கம், அதே திருப்பம். பையன் வெடுக்கென்று தலை தூக்கினான். வாசலைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. பிறகு அவன் அப்பாவின் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான், அவள் வாசலில் பைகளைத் தொட்டுப் பார்ப்பதைப் போல. திருப்தியானதும் தலையை அவள் தோளில் சாய்த்தான்.

இரண்டாவது அடியில் அவளும் மெட்டைச் சேர்த்துக்கொண்டாள். ‘எடுத்தது எடுத்ததுதான், அதை நான் மறக்க மாட்டேன். இந்தப் பிள்ளையைத் தாங்க எங்களோட இரும்,’ என்று மனசுக்குள் சொன்னாள். ஏழு மாதத்தில் அதுதான் அவளுடைய முதல் ஜெபம். சொன்னதும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. பையனின் கை மெல்ல மேலே வந்தது. பொத்தப் போகிறான் என்று அவள் குரலைத் தாழ்த்தினாள். அந்தக் கை அவள் உதட்டின் மேல் வந்து சும்மா கிடந்தது. கொஞ்ச நேரத்தில் தூக்கத்தில் நழுவி மடியில் விழுந்தது.